வேறு அடுப்பின் கை

யாஷ்நாப் ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் தங்கள் வீட்டைக் கொன்றுவிட்டுத்தான் கிளம்பின. வீட்டை உயிரோடு விட்டுப்போனால் தரைக்குக் கீழே கிடக்கும் இறந்தவர்கள் உறங்கமாட்டார்கள். அடுப்பு எப்போது எரியும், தங்கள் கவளம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே இருப்பார்கள். ஆகவே பானைகளை உடைத்து, அரைகல்லைக் கவிழ்த்து, அடுப்புக் கற்களைப் பிரித்துப் போட்டு, குங்கிலியம் புகைத்து, கடைசியில் கூரைக்குத் தீ வைப்பார்கள். அதைச் சொந்தக் கையால் செய்யக் கூடாது. வேறு அடுப்பில் உண்ட கைதான் செய்ய வேண்டும். ஊர் நிறைந்திருந்த காலத்தில் இதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை. முற்றத்தில் நின்று ஒரு குரல் கொடுத்தால் யாராவது கோடாலியோடு வருவார்கள்.

இஷ்லேமின் முற்றத்தைச் சுற்றி மூன்று வீடுகள். வடக்கு வீட்டார் சென்ற கோடையிலேயே போய்விட்டார்கள். எரிந்த கூரையின் கரிக்கம்புகள் இன்னும் நின்றன. மேற்கு வீடு அவள் கொழுந்தன் உகித்துடையது. கிழக்கு வீடு அவளுடையது. மூத்தவன் வீடு என்பதால் எல்லோரும் தாத்தா என்று சொல்லும் குலத்தின் முதல் மனிதரும் அந்தத் தரைக்குக் கீழேதான் இருந்தார். அவள் கணவன் சுண்ணாம்பு சுடுகிறவனாக இருந்து, நெஞ்சில் தூசி அடைத்து இறந்துபோனான். அவனும் அங்கேதான். அவனுக்குப் பின் மகள் தூலும் இறந்து அங்கே போனாள். மிஞ்சியது மகன் தோக்.

மகளின் பெயர் வேறு. முன்பல் இரண்டும் துருத்திக்கொண்டு நின்றதால் எல்லோரும் முயல் என்ற பொருளில் தூல் என்று கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. தனியாக இருக்கப் பயப்படும் பெண். குளத்துக்குப் போனாலும், சோளம் உதிர்க்க உட்கார்ந்தாலும் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

அன்று மாலை உகித்தும் அவன் மனைவி இஷ்போலும் வந்தபோது, இஷ்லேம் காட்டுக் கொட்டைகளைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். மக்காச்சோளம் கிடைக்காத வருடங்களில் அந்தக் கொட்டை மாவுதான் உணவு.

"நாளன்னைக்குக் காலைல கிளம்பறோம் அண்ணி," என்றான் உகித். "வடக்கே உப்புக் கடல் பக்கம். அங்க இன்னும் மழை பெய்யுதாம்."

"உப்புக் காய்ச்சற ஊருல மழை பெய்யுதாம். கேட்டுக்க அக்கா," என்றாள் இஷ்போல்.

"நீ சும்மா இரு."

"நீங்க கிளம்புங்க தம்பி," என்றாள் இஷ்லேம். "தாத்தாவை எடுத்துக்கங்க. என் வீட்டுக்காரர் எலும்பைத் தோக் கட்டி எடுத்துப்பான். அவனையும் அவன் பொண்டாட்டியையும் பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க. நான் பொறவு வர்றேன்."

"பொறவுன்னா?"

"தூலையும் எடுத்துக்கிட்டு."

உகித் பெருமூச்சு விட்டான். இந்தப் பேச்சு அவர்களுக்குள் பலமுறை நடந்ததுதான். இறந்தவரின் எலும்பை எடுக்க மூன்று அறுவடை கழிந்திருக்க வேண்டும். அதுவரை அது ஈர எலும்பு. ஈர எலும்பைச் சுமந்துபோனால் போகிற வழியில் பிறக்கும் குழந்தை தங்காது. காய்ந்த எலும்பு, வீடு செத்ததும் உறங்கிவிடும். ஈர எலும்பு உறங்குமா என்று யாரும் உறுதியாகச் சொல்வதில்லை.

"ரெண்டு அறுவடைதான் ஆயிருக்கு அண்ணி."

"வருஷம் நாலாச்சே தம்பி."

"வருஷத்தை யாரு எண்ணச் சொன்னா? பயிரு கருகின வருஷம் கணக்குல வராது. தோக் பொண்டாட்டி மாசமா இருக்கா. அவ கூட நடக்கும்போது ஈர எலும்பைத் தூக்கிட்டு வருவியா?"

இஷ்லேம் கொட்டையை உரித்து முடித்தாள். "அப்ப இன்னும் ஒரு அறுவடை எடுத்துட்டு வர்றேன்."

இஷ்போல் சிரித்துவிட்டாள். "மழையைக் கூப்பிட்டு வெச்சிருக்கியா அக்கா? அரசர் நாக்கைக் குத்தி ரத்தம் விட்டுக் கூப்பிட்டே அது வரல." பிறகு சிரிப்பை நிறுத்தி, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "சரி, எடுத்தேன்னே வெச்சுக்க. நாங்களும் போயிட்டா உன் வீட்டை யாரு கொல்லுவா? வேற அடுப்புக்கு எங்க போவே?"

எலும்புக்காகக் காத்திருந்தால் வீட்டைக் கொல்ல ஆள் இருக்காது. வீட்டை இப்போதே கொன்றால், தனிமைக்குப் பயப்படும் பெண்ணை எரிந்த கூரைக்குக் கீழே விட்டுப்போக வேண்டும். இஷ்லேம் உரித்த தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் தாத்தாவை எடுக்கத் தரையைத் தோண்டினார்கள். தூல் கிடந்த மூலையை விட்டு வெகு தள்ளி, சுவர் ஓரமாக. ஒவ்வொருவரைப் புதைக்கும்போதும் அந்தக் குடும்பம் தரையைப் புதிதாகப் பூசியிருந்தது. மேல் பூச்சு நகக்கனம்கூட இல்லை. தூலுக்காகத் தோக் பூசியது அது. சுண்ணாம்பைவிடக் களிமண் அதிகம். உகித் குத்துக்கோலை ஊன்றியதும் சருகு போல நொறுங்கியது. கீழே அவள் கணவனுக்குப் பூசியது, அதற்கும் கீழே மாமியாருக்கு. ஒவ்வொன்றும் மேலே இருந்ததைவிடக் கொஞ்சம் தடிப்பு. பிறகு கோல் இறங்க மறுத்தது. மூன்று விரல் கனத்துக்கு வெள்ளைக் காரை, பாறைபோல.

அது உகித்தின் பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்துத் தரை. அப்போதுதான் பெரிய கோயில் எழும்பியது. நாலு திக்கிலும் வெள்ளைச் சாலைகள் போட்டார்கள். தோற்ற ஊர்களின் பிரபுக்கள் அந்தச் சாலைகள் வழியாகக் கை கட்டப்பட்டு வந்தார்கள். கொக்கோவும் பச்சைக்கல்லும் இறகுகளும் பின்னால் வந்தன. சூளைகள் அணையவே இல்லை. கோயிலுக்கும் சாலைக்கும் அரண்மனைக்கும் போக, சுண்ணாம்பு சுட்டவன் வீட்டுத் தரைக்கே மூன்று விரல் காரை மிஞ்சியிருக்கிறது.

"இந்த ஒரு தரைக்கு எத்தனை மரம் எரிஞ்சிருக்கும்?" என்றான் தோக், வெள்ளைத் துண்டு ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தபடி.

"அப்பல்லாம் பக்கத்து ஊருக்கு நிழல்லயே நடந்து போகலாமாம்," என்றான் உகித்.

"இப்பவும் நடக்கலாம். நிழல்தான் இல்ல," என்றாள் இஷ்போல்.

அந்தக் காரைக்குக் கீழே தரைகள் மறுபடி மெலிந்தன. கீழே போகப்போக ஊர் சின்னதாகிக்கொண்டே வந்தது. சிவப்பு மண் பூச்சு, பிறகு வெறும் மிதித்த களி, சாம்பல், குளத்து நத்தை ஓடுகள். அதற்கும் அடியில் முழங்காலை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முகத்தின் மேல் ஒரு சட்டி கவிழ்ந்திருக்க, தாத்தா கிடந்தார். மிகவும் சின்ன மனிதர். குளத்தைப் பார்த்து இங்கேயே தங்கிவிட்ட நாலைந்து குடும்பங்களில் ஒன்றின் தலைவர்.

இஷ்போல் குனிந்து பார்த்தாள். "வாயில பச்சைக்கல் வெச்சுப் புதைச்சாங்கன்னு உங்கப்பா ஊரெல்லாம் சொன்னாரே. இது நத்தை ஓடுல்ல?"

"வாயை மூடு. கேட்டுடப் போறாரு."

"கேக்கட்டும். முதல் உருண்டையை இவருக்கு வெச்சுட்டுத்தானே இத்தனை காலமும் மிச்சத்தைத் தின்னோம்."

உகித் தாடையெலும்பை மட்டும் எடுத்துத் துணியில் சுற்றினான். தோக் தன் அப்பாவின் எலும்பைக் கட்டிக்கொண்டான்.

கிளம்பும் காலையில் இஷ்லேம் அவர்கள் வீட்டைக் கொன்றாள். இஷ்போல் பானைகளைக் குறை சொல்லியே வாழ்ந்தவள். ஒன்று ஒழுகும், ஒன்று கோணல். ஆனால் கோடாலி அவற்றின் மேல் விழுந்தபோது முற்றத்து ஓரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். தோக் கடைசிவரை அம்மாவின் பக்கத்தில் இருந்தான்.

"நான் இருக்கறேன்மா. அவங்க போகட்டும்."

"உன் பொண்டாட்டி வயித்தைப் பாத்தியா? வழியில பெத்துக்கிட்டா யாரு பக்கத்துல இருப்பா? போடா."

அவன் சுமை தாங்கும் நெற்றிப்பட்டையை மாட்டிக்கொண்டு சுமையைத் தூக்கினான். "பாதை பிரியற இடத்துலயெல்லாம் மரத்துல மூணு வெட்டு வெட்டிட்டுப் போறேன். வலது கைப் பக்கம் பாத்துக்கிட்டே வா."

"மரம் இருந்தா வெட்டு," என்றாள் அவள்.

உகித் வீட்டுக் கூரை எரிந்து அடங்கும் வரை இஷ்லேம் வெள்ளைச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாலை இப்போது வெள்ளையாக இல்லை. காரை வெடித்து, வெடிப்பில் முள்செடி முளைத்திருந்தது. அவர்கள் முள்ளுக்காக விலகி விலகி நடந்து, மேட்டைத் தாண்டி மறைந்தார்கள்.

ஊரில் ஆட்கள் இல்லாமல் போனபிறகு கேட்கும் சத்தங்கள் வேறு. வீட்டுக் கம்பத்துக்குள் செல் அரிப்பது பகலிலேயே கேட்டது. கோயில் உச்சியிலிருந்து வௌவால்கள் பொழுதோடு கிளம்பும்போது யாரோ பாய் உதறுவதுபோல இருந்தது. வளர்ப்பு நாய்கள் கூட்டம் சேர்ந்து தூரத்தில் திரிந்தன; பேர் சொல்லிக் கூப்பிட்டால் நின்று பார்த்தன, கிட்ட வரவில்லை. இஷ்லேம் தண்ணீருக்குப் போனால் போகிறேன் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். வந்ததும் வந்துவிட்டேன் என்றாள். மற்றபடி நாள் முழுவதும் பேச்சு இல்லை. ஒருநாள் இருமியபோது தன் குரலையே அடையாளம் தெரியாமல் திரும்பிப் பார்த்தாள்.

தோக் விட்டுச்சென்ற விதைச் சோளம் ஒரு சுரைக்குடுக்கையில் இருந்தது, சிவப்பு மணிகள். வயல்கள் புழுதி. ஈரம் இருந்த ஒரே இடம் அரசர் குளம்.

அந்தக் குளத்தின் பெயரைத்தான் ஊர் வைத்துக்கொண்டது. யாஷ்நாப் என்றால் பச்சைக் குளம். நல்ல காலத்தில் நீர் தெரியாத அளவுக்கு அல்லி பூத்திருக்கும். அல்லி இருக்கும் வரை தண்ணீர் சுத்தம். அரசர் தலைப்பாகையில் அல்லியைச் செருகிக்கொண்டு வருவதும் அதனால்தான். இப்போது அல்லி இல்லை. நடுவில் பாசி படிந்த தேக்கம், சுற்றிலும் வெடித்த சேறு. அரசர் குளத்தில் கால் வைத்தவனுக்குக் கால் போகும் என்று சொல்வார்கள். இஷ்லேம் செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு இறங்கினாள். குத்துக்கோலால் குழி போட்டு, குழிக்கு மூன்று மணியாக விதைத்தாள்.

முளை விரல் நீளம் வந்தபோது கரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"யாரது? அரசர் குளத்துல இறங்கினது யாரு?"

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பயத்தினால் அல்ல, மனிதக் குரலைக் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது.

கரையில் ஒரு கிழவர் நின்றார். தோளைத் தொடும்படி இழுபட்ட காது மடல்கள், அவற்றில் பச்சைக்கல் தோடுகள். குழந்தையிலேயே பலகை கட்டித் தட்டையாக்கிய நெற்றி. முன்பற்களில் பச்சைக்கல் பதித்திருந்தது. கையில் இறகெல்லாம் உதிர்ந்த நீளமான விசிறி. அவள் அவரைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். அரசரின் சிற்றப்பா யோபாத். விழாக்களில் சிம்மாசனத்துக்குப் பின்னால் நின்று விசிறி பிடிப்பவர்.

"யார் வீட்டு ஆளு நீ?"

"சுண்ணாம்பு சுடறவன் பொண்டாட்டி சாமி."

"இங்க சோளம் போட யாரு உத்தரவு?"

இஷ்லேம் கோயிலைப் பார்த்தாள், அரண்மனையைப் பார்த்தாள், காலியாகக் கிடந்த சந்தைத் திடலைப் பார்த்தாள். "யார்கிட்ட கேக்கணும்னு சொல்லுங்க சாமி. இப்பவே போய்க் கேட்டுட்டு வர்றேன்."

கிழவர் விசிறியை ஓங்கினார். பிறகு அதைக் கீழே ஊன்றி, அதையே பிடித்துக்கொண்டு மெல்லக் கரையில் உட்கார்ந்தார். வரிசைகளை விரல் நீட்டி எண்ணினார்.

"முளை நல்லாத்தான் வந்திருக்கு," என்றார் கடைசியில்.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். அவர் கரையில் உட்காருவார்; அவள் சேற்றில் வேலை செய்வாள். நடுவில் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். அரசர் போன கதையை அவர் ஒரேயடியாகச் சொல்லவில்லை.

"எல்லாரும் போயிட்டாங்கன்னா நீங்க ஏன் சாமி போகல?"

"விசிறி பிடிக்கறவன் கடைசியாத்தான் எழுந்திரிக்கணும். அதான் முறை. நான் எழுந்து பாத்தா ஒருத்தரும் இல்ல."

"சொல்லாமயா போனாங்க?"

"சொன்னா ஊருக்குத் தெரிஞ்சிடுமே. மழை பெய்ய வைக்கறேன்னு சொன்னவங்க வெளியே போறதை ஊரு பாத்தா விடுமா?" காதைத் தொட்டுக்கொண்டார். "வீட்டைக் கூடக் கொல்லாமப் போயிட்டாங்க. கோயிலுக்குக் கீழ பழைய அரசருங்க எல்லாரும் முழிச்சுக்கிட்டு இருக்காங்க. நான் ஒருத்தன் காதைக் குத்திக் குத்தி எத்தனை பேருக்கு ரத்தம் விடறது?"

"காதுல இன்னும் இடம் இருக்கா சாமி?"

அவர் அவளை முறைத்தார். பிறகு அந்தப் பச்சைப் பற்கள் எல்லாம் தெரியச் சிரித்தார். சிரித்து முடித்ததும் இருவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்திருக்க வேண்டும்.

"நீ எந்த அடுப்புல திங்கறே?" என்றார் மெதுவாக.

"என் அடுப்புலதான் சாமி."

"நான் என் அடுப்புல."

ஒரு கொக்கு வந்து தேக்கத்தில் இறங்கி, ஒன்றும் கிடைக்காமல் எழுந்து பறந்தது.

"அரசர் வீடு ஒரு சுண்ணாம்புக்காரி கையால சாகணுமா?" என்றார், யாரையோ கேட்பதுபோல.

"வேற கை இருந்தா கூட்டிட்டு வாங்க சாமி. நான் குறுக்க நிக்கல."

இப்படித்தான் பேச்சு முடிந்தது. அவர் வீட்டை அவள் கொல்வாள். அறுவடை ஆனதும் அவள் வீட்டை அவர் கொல்வார். அதுவரை ஒருவர் அடுப்பிலிருந்து மற்றவர் ஒரு வாய்கூட உண்ணக் கூடாது. உண்டால் இருவரும் ஒரே வீட்டார் ஆகிவிடுவார்கள். பிறகு இரண்டு வீடுகளுக்கும் கை இருக்காது.

தன் வீட்டை முதலில் முடிக்க வேண்டும் என்று யோபாத் பிடிவாதம் பிடித்தார். இஷ்லேம் யோசித்தாள். வேலை முடிந்ததும் இந்த மனிதர் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகலாம். தடுக்க ஒன்றும் இல்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது. "அரசர் வீடுதான் முதல்ல. அதுதான் முறை," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் ஒப்புக்கொண்டாள்.

அரண்மனைப் படிகளில் அவள் அதற்கு முன் ஏறியதில்லை. கணவன் ஏறியிருக்கிறான், சுண்ணாம்புக் கூடையோடு, பின்பக்க வழியாக. முன்றிலில் கடைசியாக நட்ட கல் நின்றது. அதில் ஒன்றும் செதுக்கவில்லை. செதுக்குமுன் சிற்பி போய்விட்டான். உள்ளே சிம்மாசன அறையில் சுவர்ப் பூச்சு கைக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஓரிடத்தில் பூச்சு சாம்பல் நிறமாக மாறியது. விறகு கிடைக்காமல் பாதி வெந்த சுண்ணாம்பு அப்படித்தான் இருக்கும். அந்த வருடம் கணவன் வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தது அவளுக்கு நினைவிருந்தது.

யோபாத் கோடாலியைக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "முதல்ல ஆசனம். அப்புறம் சுவத்துல இருக்கற முகங்க. மூக்கையும் கண்ணையும் மட்டும் எடுத்தாப் போதும்."

அவள் ஓங்கினாள். ஆசனத்தின் கால் ஒரே அடியில் உடையவில்லை. ஒரு சத்தம் எழுந்து அறையறையாகப் போய்த் திரும்பி வந்தது. ஒவ்வொரு அடிக்கும் கிழவரின் தோள் குலுங்கியது. நிறுத்தட்டுமா என்று கேட்டாள். அவர் தலையசைத்து மறுத்தார். ஓவியம் தீட்டிய குவளைகளைப் படிகளில் உடைத்துப் பரப்பினாள், குங்கிலியம் புகைத்தாள். எல்லாம் முடிந்தபோது அவர் விசிறியையும் நீட்டினார். அதை அவள் முழங்காலில் வைத்து முறித்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் வீட்டிலிருந்து வெளியே வந்து அரண்மனைப் பக்கம் பார்த்தாள். புகை இல்லை. நாலு சாலைகளிலும் யாரும் இல்லை. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, எதிர்பார்த்ததுதான் என்று தரையிடம் சொல்லிவிட்டுக் குளத்துக்குப் போனாள்.

குளத்தங்கரையில் மூன்று கற்களை வைத்து யோபாத் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். புகை அவர் கண்ணில் போயிற்று. அடுப்பு மூட்டிப் பழகாத கை.

"செத்த வீட்டுல படுக்க முடியாதுல்ல," என்றார், அவளைப் பார்க்காமல். "கிளிங்க வேற வருது. நான் இங்க இருந்து விரட்டறேன்."

மழை பிந்தித்தான் வந்தது. வந்தபோது பெரிதாகவும் இல்லை. ஆனால் குளத்துச் சேற்றுக்கு அது போதும். பயிர் இடுப்புக்கு வந்தது, பிறகு அவள் தலைக்கு. கிளிகளை அவர் கல்லெறிந்து விரட்டினார். ஒருமுறை அரசாணை வாசிக்கும் குரலில் அவற்றைத் திட்டுவதைக் கேட்டு அவள் பயிருக்குள் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பொழுது சாயும்போது இரண்டு அடுப்புகள் எரிந்தன. அவர் கரையில் கொட்டை மாவைக் கரைத்துக் குடிப்பார். அடி பிடித்துப் போன வாசனை அவள் வரைக்கும் வரும். அவள் காட்டுக் கீரையை வதக்கித் தின்பாள். இரண்டு பேர் மட்டும் இருந்த ஊரில் இருவரும் தனித்தனியாக உண்டார்கள். அவர் ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோதுகூட, அவள் தண்ணீரை அவருடைய சட்டியிலேயே மொண்டு, அவருடைய அடுப்பிலேயே சூடாக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

"உங்க ஆளுங்க எங்க போனாங்கன்னு தெரியுமா சாமி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தெக்க. மலைப் பக்கம்னு நெனைக்கறேன்."

"போவீங்களா?"

"இந்தக் காதையும் பல்லையும் வெச்சுக்கிட்டா? வழியில முதல் ஊருலயே தெரிஞ்சுபோகும், மழையைத் தொலைச்ச வம்சம்னு. தலையை எடுத்துடுவாங்க." சிறிது நேரம் பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இனிமே தரையும் இல்ல. வீட்டைத்தான் நீ கொன்னுட்டியே. எங்க விழறேனோ அங்கதான்."

அதைக் குறையாகச் சொல்லவில்லை.

கதிர்கள் சின்னவை. சிலவற்றில் பாதி மணிதான் பிடித்திருந்தது. இருந்தாலும் அறுவடை அறுவடைதான். இஷ்லேம் அவற்றை முதுகுக் கூடையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் காலை மூலையில் உட்கார்ந்து, தோக் பூசிய அந்த மெல்லிய பூச்சைக் கையாலேயே பெயர்த்தாள். நேரம் அதிகம் ஆகவில்லை. எலும்பு காய்ந்திருந்தது. முன்பற்கள் துருத்திக்கொண்டுதான் இருந்தன. ஒன்றைத் தொட்டதும் வலிக்காமல் கழன்று வந்துவிட்டது. அதைத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டிக்கொண்டு, மண்ணை மூடி, வெந்நீரில் குழைத்த சாம்பலால் பூசினாள். சுண்ணாம்பு இல்லை.

பிறகு புதுச் சோளத்தை ஊறவைத்து அரைத்தாள். உருண்டை பிடித்து, இலையில் பொதிந்து வேகவைத்தாள். முதல் உருண்டையை மூலையில் வைத்தாள். அந்த வாசனை அந்த முற்றத்தில் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. வழிப்பயணத்துக்கு வேண்டியதை மூட்டை கட்டினாள்.

யோபாத் சொன்னபடி வந்தார், கோடாலியோடு. குளித்திருந்தார். தோடுகளைத் துடைத்து மாட்டியிருந்தார்; அவள் வீட்டைக் கொல்வதற்கு, விழாவுக்கு வருவதுபோல வந்திருந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். அவர் கண் உருண்டைகள் மேல் போய், உடனே விலகிக்கொண்டது.

"எல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு சாமி."

"எதுல ஆரம்பிக்கறது?"

"அந்தத் தண்ணிப் பானை."

அவர் கோடாலியை ஓங்கினார். கை மெலிந்திருந்தது, ஓங்கிய வேகத்தில் லேசாகத் தள்ளாடினார். இஷ்லேம் அந்தப் பானையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள். பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது.

"நில்லுங்க சாமி."

"என்ன?"

அவள் அடுப்பிலிருந்து ஒரு பொதியை எடுத்து, இலையைப் பிரித்து, அவர் முன்னால் நீட்டினாள். ஆவி எழுந்தது.

யோபாத் கோடாலியை இறக்கினார். "இதைத் தின்னா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? நான் உன் அடுப்பு ஆளாயிடுவேன். அப்புறம் இந்த வீட்டை இந்தக் கையால தொட முடியாது. வேற கையும் இல்ல."

"தெரியும் சாமி."

"உன் வீடு சாகாது. நீ போனப்புறமும்."

"வீட்டுல ஆளு இருந்தா எதுக்குச் சாமி கொல்லணும்?"

அவர் அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அரசரின் சிற்றப்பா சுண்ணாம்பு சுடுகிறவன் வீட்டில் உண்பது பழைய யாஷ்நாபில் நினைத்தும் பார்க்க முடியாதது. பிறகு கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசற்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். வாய் பொள்ளியது, ஆறவிடவில்லை. இலையில் ஒட்டியதையும் விரலால் வழித்துத் தின்றார்.

"உப்பு கம்மி," என்றார்.

"உப்புக் கடலுக்குத்தானே போறேன்."

அவள் விதைக்காக எடுத்து வைத்த கதிர்களில் பாதியை அவருக்கு விட்டாள். கூரையில் எந்தப் பக்கம் ஒழுகும், அரைகல்லை எப்படிக் கழுவ வேண்டும் என்று சொன்னாள். கடைசியில் மூலையைக் காட்டினாள்.

"அடுப்பு மூட்டறப்போ முதல் உருண்டை அங்க. அப்புறம், தண்ணிக்குப் போகும்போது போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. திரும்பி வந்ததும் வந்துட்டேன்னு சொல்லுங்க. அவளுக்குத் தனியா இருக்கப் பயம்."

"பேரு என்ன?"

"தூல்."

யோபாத் தலையசைத்தார். அவள் நெற்றிப்பட்டையை மாட்டிக்கொண்டு மூட்டையைத் தூக்கினாள். முற்றத்தைக் கடக்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளைச் சாலை முள்ளாகிவிட்டிருந்தது. மேட்டின் மேல் நின்றபோது ஊர் தெரிந்தது. கோயில் உச்சியில் புல் முளைத்திருந்தது. அரசர் குளத்தின் ஓரத்தில் அறுத்த தாளுக்கு நடுவே அல்லி இலையா, மேகத்தின் நிழலா என்று தெரியாத ஒரு பச்சை. அந்த விரிந்த ஊர் முழுவதிலும் கிழக்கு வீட்டிலிருந்து மட்டும் புகை எழும்பியது. அடுப்பு சரியாக மூட்டத் தெரியாதவன் அடுப்பிலிருந்து வருவதுபோலக் கறுப்பான, அடர்ந்த புகை.

பாதை பிரியும் இடத்தில் மரம் இல்லை. ஒரு பாறையில் மூன்று கோடுகள் கீறியிருந்தன, வலது கைப் பக்கம். இஷ்லேம் கழுத்து முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.